பெற்றவள் கணக்கு

மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய தமிழ்நாட்டைத் தண்டிக்கலாமா? தொகுதி மறுவரையறை பேசும் மேடைகளிலெல்லாம் இந்தக் கேள்வி ஒலிக்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வாக்கியத்தின் எழுவாயை நான் ஏற்கவில்லை. கட்டுப்படுத்தியவர்கள் தமிழ்நாட்டுப் பெண்கள்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் செய்துகொண்ட குடும்பங்கள் 0.1 சதவீதம். ஜெகதாப்பட்டினத்தில் எங்கள் பெண்கள் ‘அவ குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிட்டா’ என்பார்கள். ‘அவரு பண்ணிக்கிட்டாரு’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. தையல் ஆறுமுன் மீன்கூடை சுமந்தவளின் வயிற்றுத் தழும்புதான் இன்று ‘மாநிலத்தின் சாதனை’.

இந்தச் சாதனைக்குக் கிடைத்தது என்ன? 1961 கணக்கெடுப்பை வைத்து, 1967 தேர்தலில் நம் மக்களவை இடங்களை 41இலிருந்து 39ஆகக் குறைத்தார்கள். 1976இல் 42ஆவது திருத்தம் மாநிலங்களின் பங்கை 1971 மக்கள்தொகையோடு நிறுத்தியது. 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்புவரை நீட்டித்தது.

கோடு மாறினால் என்ன ஆகும் என்பது எங்கள் மாவட்டத்துக்குத் தெரியும். 2008 மறுவரையறையில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியே மறைந்தது. மாவட்டத்தைத் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று நான்காகப் பிரித்துக் கொடுத்தார்கள். இலங்கைச் சிறையிலிருக்கும் கணவனுக்காக மனு எழுதும் ஜெகதாப்பட்டினத்துப் பெண்ணுக்கு எம்.பி. ராமநாதபுரத்துக்காரர். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊரின் பெயரில் இன்று எம்.பி. இல்லை.

இதற்கு மருந்தாக என்ன சொல்கிறார்கள்? 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்துத் திருமண மேடையில், புதுமணத் தம்பதியர் உடனே பிள்ளை பெற வேண்டும் என்றார் முதல்வர் மு.க. ஸ்டாலின். அன்று ‘நிறுத்து’ என்றதும் நம் உடலிடம்தான். இன்று ‘பெறு’ என்பதும் நம் உடலிடம்தான். தொகுதி காக்கப் பெற்றுப்போட நாம் தொழிற்சாலைகளா?

பீகார்க்காரியைப் பழிக்கவும் நான் வரமாட்டேன். ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு வேண்டாமா என்று கேட்பவர்கள் ஒன்றைச் சொல்லட்டும்: பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் எட்டாத அவள் பெற்ற பிள்ளைகளை எண்ணி வாங்கும் இடத்தில் உட்காரப்போவது அவளா?

2023இல் 106ஆவது திருத்தம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றது. கணக்கெடுப்பும் மறுவரையறையும் முடியட்டும் என்று அதையும் கட்டிப்போட்டது. 2024இல் தமிழ்நாட்டிலிருந்து வென்ற 39 பேரில் பெண்கள் 5 பேர்.

மாநிலங்களின் பங்கு 1971 விகிதத்திலேயே நிற்கட்டும். பெண்களின் பங்கை மறுவரையறையிலிருந்து அவிழ்த்து, இருக்கிற இடங்களிலேயே கொடுங்கள். 39இல் 13. மாநில உரிமைக்குக் குரல் கொடுக்கும் கட்சிகள் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த வேட்பாளர் பட்டியலிலேயே அதைக் காட்டலாம்.