வயிற்றில் ஒரு வாய்: தாதிக்கு யார் கற்றுத்தருவது?

இரண்டாம் படிவத்தில் செரிமான மண்டலத்தை வரைந்து பாகம் குறித்திருப்பீர்கள். அந்தக் குழாய் பாதி வழியிலேயே வயிற்றுத் தோலுக்கு வெளியே திறந்தால்? பெருங்குடல் புற்றுநோய், குடல் அழற்சி, விபத்துக் காயம் ஆகியவற்றுக்காக மருத்துவர்கள் சில வேளைகளில் அப்படியொரு திறப்பை அமைக்கிறார்கள். அதன் பெயர் ஸ்டோமா. கிரேக்கத்தில் ‘வாய்’ என்று பொருள். இலைத்துளைக்கும் அதே பெயர்தான். இந்த வாயை நினைத்தபோது மூட முடியாது. எனவே கழிவு, தோலில் ஒட்டிய பையில் சேர்கிறது.

அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் பையோடு வாழக் கற்றுத்தருபவர் தாதி. அந்தத் தாதிக்கு யார் கற்றுத்தருகிறார்கள்?

சிறுகுடல் திறப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வரும் நீர்மத்தில் செரிமான நொதிகள் உள்ளன. அவை உணவு, தோல் என்று பேதம் பார்ப்பதில்லை. அறுவைக்குப் பின் வீங்கியிருக்கும் ஸ்டோமா 6 முதல் 8 வாரங்களில் சுருங்கும். முதல் நாள் அளவிலேயே பையின் ஓட்டையை வெட்டிக்கொண்டிருந்தால் இடைவெளி விழும், நீர்மம் கசியும், தோல் புண்ணாகும். புண்ணான ஈரத் தோலில் பை ஒட்டாது, மேலும் கசியும். ஓர் அளவுகோலும் கத்தரிக்கோலும் தடுத்துவிடக்கூடிய வேதனை இது!

மலேசியாவில் தாதியர் தங்கள் ஆண்டுப் பணிச் சான்றிதழைப் புதுப்பிக்கப் பயிற்சிப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் மண்டபத்தில் அமர்ந்து திரையைப் பார்த்தாலும் புள்ளி கிடைக்கிறது. (ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இந்தக் கலை தெரியும்.) பையை வெட்டி, பாதி நீர் நிரப்பி, தன் வயிற்றிலேயே ஒருநாள் ஒட்டிக்கொண்டு நடமாடிய தாதிக்குத்தான் நான் புள்ளி தருவேன்.

நோயாளிகளும் வகுப்பெடுக்க வேண்டும். இது புதுமையன்று. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மருத்துவமனையில் டாக்டர் ரூப்பர்ட் டர்ன்புல் 1958-இல் இப்பணிக்கு அமர்த்திய நோர்மா கில் ஒரு தாதி அல்லர். ஸ்டோமாவுடன் வாழ்ந்த நோயாளி. 1961-இல் அங்கே தொடங்கிய பயிற்சிப் பள்ளிக்கு வித்திட்டவர்கள் அவ்விருவரே.

“இதற்கெனச் சிறப்புத் தாதியர் இருக்கிறார்களே, எல்லாருக்கும் எதற்கு?” என்று கேட்கலாம். திறப்பு எங்கே அமைய வேண்டும் என்பதை, நோயாளியைப் படுக்க, உட்கார, குனியச் சொல்லி, வயிற்று மடிப்பும் சாரோங் கட்டும் இடமும் பார்த்து, அறுவைக்கு முன்பே குறிக்க வேண்டும். குடல் கிழிந்தவர் நள்ளிரவிலும் வருவார். அப்போது வார்டில் இருப்பவர் பெரும்பாலும் இரவுப்பணியிலுள்ள சாதாரணத் தாதிதான்.