நாங்கள் அனுப்பிய காசும் ஊர்க் கிணறும்

வலிகாமத்தில் இருக்கும் என் ஊர்ச் சனத்துக்கு,

போன ஆவணியில் வந்து நின்றபோது அம்மாவின் வளவுக் கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் விட்டேன். சவர்த்தது. "நாலைஞ்சு வரியமா இப்பிடித்தான் தம்பி, தேத்தண்ணிக்கு வாங்கிற தண்ணிதான்" என்றா பெரியம்மா. பழைய கேத்திலின் அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு தோடு தோடாய்ப் பிடித்திருந்தது. துலாவின் ஆடுகால் நின்ற இடத்தில் இப்போது கறுப்புத் தண்ணீர்த் தாங்கி நிற்கிறது. ரொறன்ரோவுக்குத் திரும்பிய பிறகும் அந்த ருசி நாவை விட்டுப் போகவில்லை.

எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்வது சுண்ணாம்புக் கல் வெடிப்புகளால் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. அதைத்தான் வருசம் முழுக்க அள்ளுகிறோம். நவக்கிரி நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்று சின்ன வயதில் எல்லோரும் கேட்டு வளர்ந்தோம். எங்கள் வளவுக்குக் கீழேயும் அதே கதைதான். நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு அது உப்பை அமுக்கி வைத்திருக்கும். அந்த ஒரு அடியை இறைத்துவிட்டால் உப்பு மேலே ஏறிவிடும்.

துலா மிதித்த காலத்தில் ஆள் களைத்தால் இறைப்பு நின்றுவிடும். மிஷின் களைக்காது. அந்த மிஷினுக்கும் ஆழக் குழாய்க்கிணற்றுக்கும் காசு அனுப்பியவர்கள் நாங்கள்தான். 2011இல் அம்மாவுக்கு வீடு கட்ட நானும் அனுப்பினேன். அறைக்கு ஒரு குளியலறை, முற்றம் முழுக்கச் சீமெந்துக் கல். மழைத் தண்ணீர் ஒழுங்கைக்கு ஓடுகிறது. மலக்குழி கிணற்றில் இருந்து 30 அடி கூட இல்லை. அதைக் கட்டச் சொன்னவன் நான். அது பிழை.

இன்னொன்றை இதைவிட அழுத்திச் சொல்லவேண்டும். பெரியம்மாவின் பேத்திக்கு இரண்டு மாதக் குழந்தை. தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்தான் மாப்பால் கரைக்கிறாள். "நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறன் மாமா" என்றாள். கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட யூரியாவில் இருந்தும் மலக்குழிகளில் இருந்தும் அது கல் வெடிப்பு வழியே கிணற்றுக்கு வருகிறது. நிறமில்லை, மணமில்லை. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட புட்டிப்பால் குழந்தைக்கு அது இரத்தத்தில் ஒட்சிசன் போவதைத் தடுத்து உடலை நீலமாக்கக்கூடும். பரிசோதிக்காத கிணற்றுத் தண்ணீரில் எந்தக் குழந்தைக்கும் பால் கரைக்காதீர்கள்.

தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2024இல் திறந்தாயிற்று. நல்லது. ஆனால் தோட்டத்துக்கு இறைக்கப்போவது இன்னும் கிணற்றைத்தான். குழாய் வந்துவிட்டது என்று கிணற்றுக்குள் குப்பை கொட்டும் வீடுகளையும் கண்டேன். கோபம் வந்தது.

இங்கே இருக்கிற எங்கள் ஊர்க்காரரிடமும் இதையே சொல்கிறேன்: அடுத்த வருசம் மண்டபத்துக்கும் வளைவுக்கும் சேர்க்கிற காசில் பாதியைக் குளத்துக்குக் கொடுங்கள். கோயிலடிக் குளம் பாதிக்கு மேல் தூர்ந்து கிடக்கிறது; வாய்க்காலில் மதில் கட்டியிருக்கிறார்கள். மாரித் தண்ணீர் தங்கி இறங்க ஊரில் மிஞ்சியிருக்கும் இடம் அது ஒன்றுதான்.

அம்மாவின் மலக்குழியை மூடி, கிணற்றுக்கு எட்ட, கசியாத தொட்டி கட்டவும், முற்றத்துக் கல்லைக் கிளப்பவும் காசு அனுப்பிவிட்டேன். குளத்துக்கு என் பங்கும் தயார். ஐப்பசி மழைக்கு முன் தூர்வாரி முடியவேண்டும். வாய்க்காலை மறித்த மதில்காரரோடு பேசவேண்டியவர்கள் நீங்கள். இந்தக் கிழமையே பேசுங்கள்.