குழந்தையும் குகை யந்திரமும்

‘குழந்தைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்’ என்று மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்தவுடன் வீட்டில் முதலிற் கலங்குபவர் பெற்றோர். அக்கலக்கம் குழந்தையைத் தொற்ற அரை நாழிகையும் ஆகாது. சொந்த ஊராக இருந்தால் பாட்டி மடியிற் கிடத்திக் கதை சொல்லுவாள். அத்தை திருஷ்டி கழிப்பாள். பக்கத்து வீட்டார் துணைக்கு வருவர். தருமபுரியையும் வேலூரையும் திருநெல்வேலியையும் விட்டுப் பிழைப்பை நாடிப் பெங்களூருக்கு வந்து, அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் குடித்தனம் நடத்தும் நம்மவர்க்கு அந்தத் துணை கிடையாது. தந்தை விடுப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்; தாய்க்குக் கன்னடம் பாதிதான் விளங்கும். இந்த நெருக்கடியில் குழந்தையின் அச்சத்தைக் கவனிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஆயினும் அதனைக் கவனித்தே ஆக வேண்டும் என்பதுதான் இத்திங்கள் நம் பக்கத்தின் பொருள்.

எக்ஸ்ரே நொடிப்பொழுதில் முடிந்துவிடும். சி.டி. ஸ்கேனும் பெரும்பாலும் சில நிமிட வேலையே. எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஸ்கேனோ இருபது நிமிடம் முதல் முக்கால் மணி வரையும், சிற்சில சமயம் அதற்கு மேலும் நீடிக்கும். அத்தனை நேரமும் குழந்தை ஒரு குழாயினுள் அசையாமற் கிடத்தல் வேண்டும். அசைந்தால் படம் கலங்கும். கலங்கிய படத்தில் மருத்துவர் தேடும் சிறு குறி மறைந்து போகும். மீண்டும் ஒரு நாள் குறிக்க வேண்டும்; மீண்டும் செலவு; மீண்டும் விடுப்பு. இடையில் குழந்தையின் சிகிச்சை தள்ளிப்போகும். இல்லையெனில் மயக்க மருந்து கொடுத்தே படம் எடுக்க நேரும். ஆகவே குழந்தையின் அச்சத்தைத் தணிப்பதைச் செல்லம் கொடுக்கும் காரியமாக எவரும் எண்ண வேண்டா. அது சிகிச்சையிலேயே ஒரு பகுதியாகும்.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. சோறு உண்ண மறுக்கும் பிள்ளையிடம், ‘இரு, டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்கிறேன்’ என்கிறோம். பூச்சாண்டிக்கும் போலீஸ்காரருக்கும் அடுத்தபடியாக டாக்டரை நிறுத்திவிட்டோம். ஐந்தாண்டு காலம் இவ்வாறு மிரட்டி வளர்த்த பிள்ளையை ஒரு நாள் அதே டாக்டரிடம் அழைத்துச் சென்று, ‘பயப்படாதே, அவர் நல்லவர்’ என்றால் அது எவ்வாறு நம்பும்? இரண்டாவது பழக்கம், பொய். ‘கடைக்குப் போகிறோம்’ என்று சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறோம். ‘ஊசியே கிடையாது’ என்று சத்தியம் செய்கிறோம். பிறகு நரம்பில் ஊசி ஏற்றும்போது, குழந்தை வலிக்காக அழுவதினும் ஏமாந்ததற்காகவே மிகுதியாக அழும். அடுத்த முறை நாம் கூறும் மெய்யும் அதன் காதில் ஏறாது. மூன்றாவது பழக்கம், மறைத்துப் பேசுதல். கதவோரம் நின்று பெரியவர்கள் தாழ்ந்த குரலிற் பேசுவதைக் குழந்தை பாதி கேட்கும். கேளாத பாதியைத் தன் மனத்தால் இட்டு நிரப்பிக்கொள்ளும். அவ்வாறு நிரப்பியது பெரும்பாலும் உண்மையைவிடக் கொடியதாகவே இருக்கும்.

எம் அலுவலகத்து நண்பர் ஒருவரின் மகளுக்கு எட்டு வயது. இரண்டு முறை வந்த வலிப்பின் பொருட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரமாக அவள் சரியாக உண்ணவில்லை. நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்தாள். பெற்றோர், ‘கட்டியாக இருக்குமோ’ என்று தங்களுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தனர். அவளும் அதற்கே அஞ்சுகிறாள் என்று எண்ணினர். ஒரு நாள் மாலை தந்தை அவளைப் பக்கத்தில் இருத்தி, ‘எதற்கம்மா பயப்படுகிறாய்?’ என்று பொறுமையாகக் கேட்டார். வந்தவை இரண்டே கேள்விகள். ‘நான் உள்ளே இருக்கும்போது கரண்ட் போய்விட்டால் என்னப்பா செய்வார்கள்?’ என்பது ஒன்று. ‘என் தலைக்குள்ளே நான் நினைப்பதெல்லாம் படத்தில் தெரிந்துவிடுமா?’ என்பது மற்றொன்று. பள்ளியில் ஆசிரியையிடம் சொல்லிவைத்த ஒரு சிறு பொய் வெளிப்பட்டுவிடுமோ என்பதே அந்தப் பெண்ணின் பெருங்கவலை!

இரண்டிற்கும் நேரான விடை உண்டு. மின்சாரம் நின்றாலும் குழந்தை படுத்திருக்கும் பலகையைக் கையாலேயே வெளியே இழுத்துவிடலாம். கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தையின் கையில் ஒரு ரப்பர்க் குமிழும் கொடுப்பார்கள், அதனை அழுத்தினால் உடனே வருவார்கள். படத்தில் மூளை தெரியும், நினைவு தெரியாது. இதைச் சொன்னபின் அவள் அன்றிரவு அயர்ந்து உறங்கினாள். கேளாமற் கூறும் ஆறுதல் வேறோர் இடத்திற் போய் விழும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே முதலிற் கேட்க வேண்டும். பிறகு உள்ளதை உள்ளபடி எளிய சொற்களிற் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. என்பது மிகப் பெரிய காந்தம். நம் உடலில் மிகுதியாக இருப்பது தண்ணீர். அத்தண்ணீரிலுள்ள மிக நுண்ணிய துகள்கள் காந்தத்தின் முன்னே ஒழுங்காக நிற்கும். யந்திரம் வானொலி அலையால் அவற்றைத் தட்டி எழுப்பி, அவை தரும் விடையைக் கேட்டுப் படம் வரைகிறது. இதில் எக்ஸ்ரே கதிர் இல்லை. உடலில் எதுவும் படுவதில்லை, வலி இல்லை. ஆனால் ஓசை உண்டு. டக் டக் என்றும், கடகடவென்றும், சங்கு ஊதினாற்போலவும் பலவகை ஓசைகள் எழும். அவை யந்திரத்தினுள் இருக்கும் கம்பிச் சுருள்கள் அதிர்வதால் எழுபவை. அதற்காகவே காதில் அடைப்பான் வைக்கிறார்கள். ‘சத்தம் பெரிதாக இருக்கும், ஆனால் அது உன்னைத் தொடாது’ என்று முன்னதாகவே சொல்லிவிடுதல் நன்று.

குழாயைக் கண்டு அஞ்சும் பிள்ளைக்கு எம் தொழிலிலிருந்தே ஓர் உவமை சொல்லலாம். சக்லேஷ்புரத்திலிருந்து சுப்பிரமணியா ரோடு செல்லும் மலைப்பாதையில் ரயில் 57 குகைகளைக் கடக்கிறது. ஒவ்வொரு குகையிலும் வண்டி நுழைந்தவுடன் பிள்ளைகள் ‘ஓ’வென்று கூவி மகிழ்வதைக் கண்டிருப்பீர்கள். கும்மிருட்டில் அவர்கள் ஏன் அஞ்சுவதில்லை? மறுமுனையில் வெளிச்சம் வரும் என்பது தெரியும். பக்கத்தில் அம்மா இருப்பதும் தெரியும். எம்.ஆர்.ஐ. குழாயும் இரு முனையும் திறந்த குகையே. உள்ளே விளக்கும் காற்றும் உண்டு. உலோகப் பொருள் ஏதும் இல்லாதபடி சோதித்தபின் தாயோ தந்தையோ உடன் நிற்பதற்குப் பல மருத்துவமனைகளில் இடம் தருகிறார்கள். நாள் குறிக்கும்போதே இதனைக் கேட்டு வைத்துக்கொள்க. சி.டி. ஸ்கேன் எக்ஸ்ரே கதிராற் செய்யப்படுவது. ஆதலாற் கருவுற்றிருக்கும் தாய் அந்த அறையில் துணை நிற்றல் கூடாது.

சற்றே வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த யந்திரங்களின் வரலாறே அச்சத்தைப் போக்கும் மருந்தாகும். சி.டி. ஸ்கேன் முதன்முதல் ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது 1971ஆம் ஆண்டு லண்டன் நகரில். அதனை அமைத்த ஹவுன்ஸ்ஃபீல்டு என்பார் இசைத்தட்டு வெளியிட்டுப் பெயர்பெற்ற ஈ.எம்.ஐ. கம்பெனியிற் பணிபுரிந்தவர். அதே 1971இல், சென்னைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கிப் பின் நம் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற்கு வந்த ஜி. என். இராமச்சந்திரன் அவர்களும், ஏ. வி. லட்சுமிநாராயணன் அவர்களும், பல கோணங்களில் எடுத்த நிழற்படங்களிலிருந்து உள்ளுருவத்தை எளிதாகக் கணித்தெடுக்கும் ஒரு முறையை வெளியிட்டனர். அவ்விருவர் பெயரையும் சேர்த்து வழங்கும் அக்கணக்கை உலகெங்கும் ஸ்கேன் துறையினர் அறிவர். ‘உன் படத்தை வரையும் கணக்கில் நம் ஊரில் வாழ்ந்தவரின் பங்கும் உண்டு’ என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளையின் முகம் மாறும்.

அமெரிக்காவில் டக் டீட்ஸ் என்பவர் ஜி.ஈ. கம்பெனிக்காக எம்.ஆர்.ஐ. யந்திரங்களை வடிவமைத்து வந்தார். தாம் அமைத்த யந்திரத்தைக் காண ஒரு மருத்துவமனைக்குச் சென்றவர், அதன் முன்னே ஒரு சிறுமி பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவதைக் கண்டார். பெருமையோடு சென்றவருக்குத் தம் யந்திரம் ஒரு குழந்தையின் கண்ணுக்கு எப்படித் தோன்றுகிறது என்பது அப்போதுதான் விளங்கியது. குழந்தைகளோடும் அவர்களைப் பேணுவோரோடும் பழகி அவர்கள் சொல்வதைக் கேட்டார். பிறகு பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில், யந்திரத்தின் உட்பொறியைத் தொடாமல், அதன் புறத்தையும் அறையையும் கடற்கொள்ளையர் கப்பலாகவும், மற்றும் பல கற்பனை உலகங்களாகவும் வண்ணந் தீட்டினர். பலகையை ஓடமாக்கி, ‘ஓடம் ஆடாமல் அசையாது படுத்துக்கொள்’ என்றனர். மயக்க மருந்து வேண்டிய குழந்தைகளின் தொகை வெகுவாகக் குறைந்தது. ஒரு சிறுமி, ‘நாளைக்கும் வரலாமா அம்மா?’ என்று கேட்டாளாம்.

வண்ணந் தீட்டிய அறை நமக்குக் கிடைக்காமற் போகலாம். கதை நம் வீட்டிலேயே இருக்கிறது. ஸ்கேனுக்கு ஒரு வாரம் முன்பிருந்து நாள்தோறும் விளையாட்டாகப் பழக்குங்கள். சாப்பாட்டு மேசையின் கீழோ, இரு நாற்காலிகளின் மேல் போர்வை விரித்தோ ஒரு குகை அமைக்கலாம். முதலிற் குழந்தையின் பொம்மைக்கு ஸ்கேன், குழந்தையே டாக்டர். பிறகு குழந்தை படுக்கட்டும். ஒரு கிண்ணத்தைக் கரண்டியால் தட்டி ஓசை எழுப்புக. முதல் நாள் இரண்டு நிமிடம், மறுநாள் ஐந்து, அதற்கு மறுநாள் பத்து. ‘சிலை விளையாட்டு’ என்று பெயர் வைத்தால் அண்ணன் தம்பியரும் போட்டிக்கு வருவர். உள்ளே கிடக்கும்போது மனத்துக்குள் ஏதேனும் வேலை வேண்டும்: நம் ஊருக்குப் போகும் வழியில் வரும் ஸ்டேஷன்களை வரிசையாக நினைத்தல், தெரிந்த பாட்டை வாய் திறவாமற் பாடுதல் போன்றவை உதவும். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைக்கு ஒரு நாள் முன்னதாகச் சொன்னாற் போதும். பெரிய பிள்ளைக்கு ஒரு வாரம் வேண்டும்.

நம் போன்ற குடும்பங்களுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். நிம்ஹான்ஸிலோ, வாணி விலாஸ் மருத்துவமனையிலோ, இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையிலோ ஸ்கேன் அறையிலிருந்து ஒலிபெருக்கியில் வரும் குரல் பெரும்பாலும் கன்னடத்தில் இருக்கும். தனிமையிற் கிடக்கும் குழந்தைக்குப் புரியாத மொழியில் ஓர் உத்தரவு வந்தால், அது தலையைத் திருப்பித் தாயைத் தேடும், படம் கெடும். ஆகவே நான்கு சொற்களைக் கற்பித்து அனுப்புங்கள். ‘அலுகாடபேட’ என்றால் அசையாதே; ‘ஹெதரபேட’ என்றால் அஞ்சாதே; ‘உசிரு ஹிடி’ என்றால் மூச்சைப் பிடி; ‘ஆய்த்து’ என்றால் ஆயிற்று. கடைசிச் சொல் நம் சொல்லின் உடன்பிறப்பே அன்றோ? வீட்டு விளையாட்டிலும் இச்சொற்களையே வழங்குக.

இனி நகைகளைப் பற்றி. எம்.ஆர்.ஐ. காந்தம் பூமியின் காந்த விசையைவிடப் பல்லாயிரம் மடங்கு வலியது. படம் எடுக்காத நேரத்திலும் அதன் விசை ஓய்வதில்லை. 2018இல் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்ஸிஜன் உருளையோடு அவ்வறையினுள் நுழைந்த இளைஞர் ஒருவர் யந்திரத்தால் இழுக்கப்பட்டு உயிர் இழந்தார். குழந்தையின் தோடு, கொலுசு, அரைஞாண், தாயத்து, தலை ஊசி, உலோகப் பொத்தான் வைத்த உடை ஆகிய அனைத்தையும் வீட்டிலேயே கழற்றிவிடுக. அறை வாசலில் அவசரமாகப் பிடுங்கினால் குழந்தை அதற்கே அழத் தொடங்கும். தாயத்தைக் கழற்றப் பாட்டிக்கு மனம் வராவிடின், வெளியே காத்திருக்கும் தந்தையின் கையில் அது இருக்கட்டும். உடன் நிற்கும் தாயும் தாலிக்கொடியையும் அதில் மாட்டிய ஊக்குகளையும் கழற்ற வேண்டியிருக்கும். முன்னதாகவே மஞ்சட் கயிற்றில் மஞ்சட் கிழங்கைக் கட்டி அணிந்துகொண்டால் மனக்குறை இராது. உடலினுள் உலோகமோ காது கேட்கும் கருவியோ பொருத்தியிருந்தால் அதனை மருத்துவரிடம் மறவாமற் கூறுக.

எவ்வளவு பழக்கினும் சில குழந்தைகளால் இயலாது. அப்போது மயக்க மருந்து கொடுப்பார்கள். அது பெற்றோரின் தோல்வியும் அன்று, குழந்தையின் குற்றமும் அன்று. அதற்கு முன் பட்டினி இருத்தல் கட்டாயம். திட உணவுக்கு 6 மணி, தாய்ப்பாலுக்கு 4 மணி, தெளிந்த நீருக்கு 2 மணி என்பது பொதுவான கணக்கு. உங்கள் மருத்துவமனையார் சொல்லும் கணக்கே உங்களுக்கு முடிவானது. குழந்தை பசித்து அழுகிறதே என்று எவரும் அறியாமல் ஒரு பிஸ்கோத்தை ஊட்டுவது அன்பால் விளையும் ஆபத்து. மயங்கிய நிலையில் வயிற்றிலுள்ளது மேலேறி மூச்சுக்குழலிற் புகுந்தால் உயிருக்கே கேடு. தவறி ஏதேனும் உண்டுவிட்டால் மறையாமற் சொல்லிவிடுங்கள். நேரம் தள்ளிப்போகும், அவ்வளவே. கைக்குழந்தைகளுக்கோ, சில இடங்களில் பாலூட்டித் துணியிற் சுற்றி, இயல்பாக உறங்கும்போதே படம் எடுத்துவிடுகிறார்கள். அவ்வசதி உண்டா என்று கேட்டறிக.

ஸ்கேன் முடிந்தபின் குழந்தை நடுவில் அழுததைப் பற்றி உறவினர் முன் நகையாடாதீர்கள். அசையாமற் கிடந்த நேரத்தை மட்டும் எடுத்துச் சொல்லிப் பாராட்டுங்கள். நண்பரின் மகள் முப்பத்தைந்து நிமிடம் அசையாமற் கிடந்தாள். ஒரே முறையிற் படம் தெளிவாக வந்தது. அவள் வலிப்புக்கு உரிய மருந்தும் தொடங்கியாயிற்று. நோயைத் தருவதும் நீக்குவதும் நம் கையில் இல்லை. அஞ்சும் குழந்தையிடம் மெய்யைச் சொல்லி, பக்கத்தில் நின்று, அதன் கையைப் பற்றிக்கொள்வது நம்மால் ஆகும். அதனையேனும் குறைவின்றிச் செய்வோமாக.