எடைக் கருவி சொல்லாத செய்தி

பள்ளியில் உங்கள் உயரத்தையும் எடையையும் எடுத்துக் குறிக்கிறார்கள் அல்லவா? அன்று மாலைக்குள் வகுப்பில் யாராவது ஒருவருக்குப் பட்டப்பெயர் சூட்டப்பட்டுவிடும். என் பள்ளி நாட்களில் எனக்குக் கிடைத்தது 'ஓமக்குச்சி'. பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பனுக்கு 'பூசணி'. அவன் நிறையத் தின்கிறான் என்பது எங்கள் தீர்ப்பு. உண்மையில் அவனைவிட நான்தான் அதிகம் சாப்பிட்டேன்!

கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாட் பூஷாரும் அவருடைய குழுவினரும் 1990-ஆம் ஆண்டில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த 12 ஜோடி இரட்டையர்கள் அதில் பங்கு கொண்டார்கள். எல்லாரும் இளைஞர்கள். 100 நாட்களில் 84 நாட்கள், வழக்கமான தேவைக்கு மேல் ஒவ்வொருவருக்கும் 1,000 கலோரி உணவு கூடுதலாகத் தரப்பட்டது. கூடுதல் எல்லாருக்கும் ஒன்றே. ஆனால் ஒருவருக்கு எடை 4.3 கிலோதான் கூடியது, இன்னொருவருக்கோ 13.3 கிலோ! ஒரே ஜோடியைச் சேர்ந்த இருவரும் மட்டும் பெரும்பாலும் ஒத்த அளவிலேயே பருத்தார்கள். அவர்களுடைய மரபணுக்கள் ஒன்றே அல்லவா?

அப்படியானால் எல்லாம் மரபணுவின் செயல்தானா? கூடுதல் உணவு இல்லாமல் அந்த 13.3 கிலோ எங்கிருந்து வந்திருக்கும்? ஒரு கம்பியில் ஓடும் மின்னோட்டத்திற்குக் காரணம் மின்னழுத்தமா, மின்தடையா என்று தேர்வில் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். மரபணுவா, வாழ்க்கை முறையா என்ற கேள்வியும் அத்தகையதே.

ஒல்லியானவர்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை எண் கிடைக்கும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் ஆகிய இருவருக்கும் அந்த எண் 22.3. ஆனால் உடலின் கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கிற்கு 21.2 விழுக்காடு! இருவரும் சேர்ந்து, தங்கள் புகைப்படத்துடனேயே இதை 2004-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். யுட்கின் மாரத்தான் ஓடுபவர். யாஜ்னிக்கின் ஓட்டமோ, மருத்துவமனை லிப்டின் கதவு மூடுவதற்குள் உள்ளே நுழைவதற்காகத்தான்! ஆனால் ஓட்டம் மட்டுமே காரணமன்று. புனே பகுதிக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைந்தும், தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு அதே விகிதத்தில் குறையவில்லை, தசைதான் குறைந்திருந்தது. தாயின் கருப்பையில் இருக்கும்போதே இந்தக் கணக்கு தொடங்கிவிடுகிறது.

மரபணுவை நாம் மாற்ற முடியாது. அதன் விளைவை மாற்றலாம். எப்.டி.ஓ. என்னும் மரபணுவின் ஒரு வகை உடல் பருமனுக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பற்றிய விவரங்களை ஒன்றுதிரட்டி 2011-இல் ஆராய்ந்தார்கள். உடலுழைப்பு உள்ளவர்களிடம் அந்த மரபணுவின் விளைவு சுமார் 27 விழுக்காடு குறைவாக இருந்தது. சிறுவர்களிடம் இந்த வேறுபாடு தென்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் என்றுமே சிறுவர்களாக இருக்கப் போவதில்லையே!

ஆகவே பள்ளிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். எடையைக் குறியுங்கள், ஆனால் வகுப்பின் முன்னால் உரக்கப் படிக்காதீர்கள். பொதுத்தேர்வைக் காரணம் காட்டி விளையாட்டுப் பிரிவேளையையும் பறிக்காதீர்கள். அதைக் கடன் கேட்டு வருபவர்களில் எங்களைப் போன்ற இயற்பியல் ஆசிரியர்களும் உண்டு. நான் பள்ளியில் படித்த காலத்தில் அப்படிக் கடன் போன பிரிவேளைகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.