மகிழுந்தின் நிறத்துக்குத் தமிழில் பெயரில்லையா?

தனித்தமிழ் இயக்கத்தை 1916ஆம் ஆண்டில் தோற்றுவித்தவர் மறைமலையடிகள். அப்பெருமகனாரின் பெயரைத் தாங்கி நிற்பது மறைமலைநகர். அந்நகரில் அமெரிக்க நாட்டுப் போர்டு நிறுவனம் தொழிற்சாலை அமைத்து, 1999ஆம் ஆண்டில் 'ஐகான்' என்னும் மகிழுந்தை வெளியிட்டது. இளைஞர் உள்ளத்தை ஈர்க்கும் விரைவு வண்டி எனப் பறைசாற்றப்பட்ட அதற்கு விளம்பரத்தில் சூட்டப்பட்ட பட்டம் யாது? 'சோசு மெசின்' என்பதே. முன்பாதி, எழுச்சி எனப் பொருள்படும் இந்திச் சொல், பின்பாதி ஆங்கிலம். மறைமலையடிகளின் பெயர்கொண்ட மண்ணில், தமிழர் கைபட்டு உருவான வண்டி, பாதி இந்தியும் பாதி ஆங்கிலமுமாகத் தமிழனுக்கே விற்கப்பட்டது! 2022ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலையில் மகிழுந்து ஆக்கம் நின்றது. அவ்வழக்கமோ நிற்கவில்லை.

திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கொரிய நாட்டு ஊண்டாய் நிறுவனம் மகிழுந்துகளைச் செய்து வருகின்றது. மறைமலைநகரை அடுத்துள்ள தொழில்நகரில் 2007 முதல் செருமானிய பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் வண்டிகளை இணைத்து வெளியிடுகின்றது. இவ்விரண்டு இடங்களினின்றும் வெளிவருவனவற்றுள் ஒருவகை விரைவு மகிழுந்து ஆகும். நான்கு கதவும் பின்பேழையும் உடைய குடும்ப வண்டியின் உடலுக்குள், ஓட்டக்களத்து வண்டியின் துடிப்பை அடைத்து வைத்தது எனச் சுருங்கச் சொல்லலாம். படித்துப் பொருளீட்டும் தமிழ் இளைஞர் பலரின் கனவு இன்று அதுவே.

அவ்விளைஞன் ஒருவன் தன் மனைவியுடன் விற்பனைக்கூடத்துள் நுழைவதை எண்ணிப் பார்க்க. விற்பவனும் தமிழன், வாங்குபவனும் தமிழன். ஆயினும், "சார், டர்போவுக்குப் பயரி ரெட்டுதான் சார் சூட்டாகும், அபிசு பிளாக்குன்னா வெயிட்டிங் ஆகும்" என்று அவன் தொடங்குகின்றான். "டைட்டன் கிரே அவைலபிளா?" என்று இவன் வினவுகின்றான். இருவரும் தம் தாயிடம் பேசிய மொழியில் இவ்வுரையாடலில் எஞ்சியவை சில வினைமுடிவுகளே! உடன் வந்த மனைவியோ, வாயிருந்தும் ஊமையாய் நிற்கின்றாள்.

ஆனால், அதே மனைவி காஞ்சிபுரத்துப் பட்டுக் கடையில் ஊமையாய் நிற்பாளோ? அரக்கு, மாந்தளிர், மயில்கழுத்து, கிளிப்பச்சை, வெங்காயத்தோல், கத்தரிப்பூ, வாடாமல்லி என்று நிறங்களை அவள் அடுக்கிச் சொல்வாள். அரக்கில் சற்றுக் கருத்தது எது, வெளுத்தது எது என்று வகுத்தும் காட்டுவாள். நெசவாளனும் அவள் கருதிய நிறத்தையே எடுத்து விரிப்பான். இருங்காட்டுக்கோட்டை இருப்பது காஞ்சிபுரம் மாவட்டத்தில் என்பதை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரே மாவட்டத்தில் இரண்டு தொழில்கள். ஒன்று தறித்தொழில், அதன் நிறங்களுக்குத் தமிழ்ப்பெயர் உண்டு. மற்றொன்று பொறித்தொழில், அதன் நிறங்களுக்குத் தமிழ்ப்பெயர் இல்லை. இது மொழியின் வறுமையா? மொழிக்குரியவனின் சோம்பலா?

2023ஆம் ஆண்டில் வெளிவந்த 'வெர்னா' மகிழுந்தின் நிறப்பட்டியலைக் காண்க. அட்லசு ஒயிட்டு, டைட்டன் கிரே, அபிசு பிளாக்கு, பயரி ரெட்டு என அது நீள்கின்றது. அட்லசு என்பவனும் டைட்டன் என்பாரும் கிரேக்கப் பழங்கதை மாந்தர். வானைத் தோளிற் சுமந்தவன் ஒருவன், அவனைச் சார்ந்த பேருருவினர் மற்றையோர். கொரிய நாட்டான், தமிழ்நாட்டு மண்ணில், கிரேக்கக் கதைப்பெயரை, ஆங்கில வழியாகத் தமிழனுக்கு விற்கின்றான்! இந்நான்கனுள் தமிழனுக்கு மட்டும் இடமில்லை. பணம் கொடுக்கும் இடம் ஒன்றைத் தவிர.

தமிழன் நிறமறியாதவன் அல்லன். மகிழுந்து தோன்றுமுன் அவனை ஊர்விட்டு ஊர் கொண்டு சென்றவை காளைகள். காங்கேயங் காளைகளைக் கொங்குநாட்டு உழவர் நிறத்தாலேயே பிரித்துப் பெயரிட்டனர். கருநிறத்தது காரி, சாம்பல் நிறத்தது மயிலை, செந்நிறத்தது செவலை. பள்ளிக்கூடம் காணாத உழவன் தன் வண்டியிற் பூட்டும் காளையின் நிறத்துக்கு ஒரு சொல் வைத்திருந்தான். கல்லூரி கண்ட அவன் பெயரன் தன் வண்டியின் நிறத்துக்குச் சொல்லின்றிக் கிரேக்கத்துக்குக் கடன் கேட்கின்றான். டைட்டன் கிரே என்பதை 'மயிலை' என்றால் வண்டி ஓடாதோ? பயரி ரெட்டு என்பதைச் 'செவலை' என்றால் விரைவு குன்றுமோ? பழுப்பின் ஒரு வகைக்குக் 'குரால்' என்றும், ஆழ்ந்த சிவப்புக்குத் 'துவர்' என்றும் பழந்தமிழில் சொற்கள் உள்ளன. கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் சினத்தையும் குறிக்கும், நிறத்தையும் குறிக்கும் எனத் தொல்காப்பியர் உரியியலில் வரையறுத்துள்ளார். சினந்து பாயும் வண்டிக்குச் சிவப்பு என்பதினும் பொருத்தமான பெயரும் உண்டோ?

விரைவு வண்டிகளின் நிறவரலாறு முழுதுமே நாட்டினங்களின் வரலாறாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடுகளுக்கிடையே மகிழுந்து ஓட்டப்போட்டி நடந்தபொழுது, ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு நிறத்தைக் கைக்கொண்டது. பிரான்சுக்கு நீலம், செருமனிக்கு வெள்ளை, பின்னர் இத்தாலிக்குச் சிவப்பு. 1903ஆம் ஆண்டின் கோர்டன் பென்னட் கோப்பைப் போட்டி அயர்லாந்தில் நடந்தது. அந்நாட்டைச் சிறப்பிக்கும் வகையில் ஆங்கிலேயர் தம் வண்டிகளுக்குப் பசுமை பூசினர். அன்று தொடங்கிய அப்பச்சை மரபே இன்றும் 'பிரிட்டிசு ரேசிங் கிரீன்' எனப் பெயர்பெற்று விலைபோகின்றது. 1930களில் செருமானியர் வெள்ளியின் நிறத்துக்கு மாறினர். நிறம் என்பது அவர்க்கு வெறும் பூச்சன்று; கொடியாகும்.

செருமானிய நிறுவனமான பி.எம்.டபிள்யூ. தன் நிறங்களுக்கு ஓட்டக்களங்களின் பெயரைச் சூட்டியது. எசுட்டோரில் நீலம் போர்ச்சுக்கல் நாட்டுக் களத்தின் பெயர். இமோலாச் சிவப்பு இத்தாலியக் களத்தின் பெயர். இன்டர்லாகோசு நீலம் பிரேசில் நாட்டினது. மலேசிய நாட்டின் செப்பாங்குக்கும் ஒரு வெண்கல நிறம் கிடைத்துள்ளது. தமிழ்நாட்டில் ஓட்டக்களம் இல்லையா? அதே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ஓட்டக்களம் ஒன்று உள்ளது. அதற்கு முன்னர்ச் சோழவரத்துப் பழைய வானூர்தி ஓடுதளத்தில் போட்டிகள் நடந்தன. 2005ஆம் ஆண்டில் 'பார்முலா ஒன்று' போட்டியில் முதன்முதலாக ஓட்டிய இந்தியர், கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். அங்ஙனமிருக்க, இருங்காட்டுக்கோட்டை நீலம் எங்கே? சோழவரச் சிவப்பு எங்கே? செப்பாங்குக்குக் கிடைத்தது சோழவரத்துக்குக் கிடைக்காத கரணியம் ஒன்றே: கேட்பாரில்லை.

"பெயரில் என்ன உள்ளது? நிறம் நன்றாயிருந்தால் போதாதா?" என்பார் உளர். பெயர் அறியாதவன் பொருளையும் அறியான் என்பதே அவர்க்கு விடை. நிறப்பூச்சையே எடுத்துக் கொள்க. எஃகு உடலைத் தூய்மை செய்து, மின்னோட்டம் பாய்ச்சிய தொட்டியில் முக்கித் துருக்காப்புப் பூச்சைப் படியவைப்பர். அதன்மேல் அடிப்பூச்சு, அதன்மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே தெளிபூச்சு. இத்தனையும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு தடிப்பே. 'மெட்டாலிக்கு' என்று கூடுதல் விலை கேட்பது, நிறப்பூச்சில் அலுமினியத் துகள் கலந்ததற்கு. 'பியர்ல்' என்பது, காக்கைப்பொன் துகளுக்கு நுண்பூச்சிட்டுக் கலந்ததற்கு. பார்க்கும் கோணம் மாறும்போது இந்நிறம் மாறி ஒளிரும். இவ்வியப்பு தமிழனுக்குப் புதிதன்று. பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்து, அசைவுதோறும் நீலமும் பச்சையும் மாறித் தோன்றச் செய்த மயில்கழுத்துப் பட்டும் இவ்வித்தையே காட்டியது. இதனைத் தமிழில் விளக்கினால் பட்டறிந்த பாட்டியும் விளங்கிக் கொள்வாள். விளங்கியபின் வினாவும் எழும்: துகள் கலந்த பூச்சில் கீறல் விழுந்தால் மீண்டும் அதே நிறம் கூட்டுவது எளிதா? எளிதன்று, வெறும் நிறப்பூச்சினும் அது கடினம். சென்னை வெயிலுக்குக் கருப்பு ஏற்றதா? கருநிறம் வெப்பத்தை மிகுதியாய் உள்வாங்கும்; வெண்மை மிகுதியாய்த் திருப்பிவிடும். கருப்பில் சிறு கீறலும் தூசியும் பளிச்செனத் தெரியும். இவற்றையெல்லாம் எண்ணிக் கருப்பையே ஒருவன் விரும்பினால் அது அவன் உரிமை. ஆனால், 'காரிக்கோளுக்கு உரிய நிறம், ஆகாது' எனக் கணியன் சொன்னான் என்று கருப்பை ஒதுக்கி, உருளையின் கீழ் எலுமிச்சை வைத்து நசுக்குவது அறிவுடைமையாகாது. உயிரைக் காப்பது எலுமிச்சை அன்று, தடையமைப்பு.

இனி, வண்டியிற் சேர்க்கத்தக்க உறுப்புகளைப் பார்க்க. இங்கேதான் மொழியறியாமை பணத்தையும் பறிக்கின்றது. சிலபொழுது உயிருக்கும் ஊறு செய்கின்றது. பட்டியலில் மூன்றெழுத்தும் நான்கெழுத்துமாக ஆங்கிலக் குறுக்கங்கள் நிரம்பியுள்ளன. அவற்றைப் படித்தவனும் அறிந்தவன்போல் தலையசைக்கின்றான். 'ஏ.பி.எசு.' என்பது யாது? தடையை அழுத்தும்போது உருளைகள் இறுகி நின்று வண்டி வழுக்காதபடி, விட்டு விட்டுப் பிடிக்கும் அமைப்பு. இதனால் தடை அழுத்தியபடியே வண்டியைத் திருப்பவும் இயலும். இதுவும் ஓட்டுநர்க்கான காற்றுப்பையும் 2019ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் புது மகிழுந்துகளுக்குக் கட்டாயமாயின. 'டர்போ' என்பது யாது? வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, காற்றை நெருக்கிப் பொறிக்குள் செலுத்தும் சிறு சுழலி. 2023ஆம் ஆண்டு வெர்னாவில் சுழலி இல்லாத பொறி 115 குதிரைத்திறனும், ஏறத்தாழ அதே பருமனுள்ள சுழலிப்பொறி 160 குதிரைத்திறனும் தந்தன. 'அலாய் வீல்' பெரிதாகப் பெரிதாக, அதனைச் சூழ்ந்த இரப்பர்ப்பட்டை மெலியும். கண்ணுக்கு அழகு, பள்ளச் சாலைக்கு இடர். 'சன்ரூப்பு' என்பது கூரைச் சாளரம். கத்திரி வெயிலில் அதனைத் திறப்பார் யார்?

இவற்றைத் தாய்மொழியில் கேட்டறிந்தவன், கூரைச் சாளரத்தைக் கைவிட்டுக் காற்றுப்பைகள் மிகுந்த வண்டியைத் தேர்வான். கேட்டறியாதவன், மக்கள் தலைநீட்டி நிற்கும் விளம்பரப் படத்தைக் கண்டு மயங்கிச் சாளரத்துக்குப் பணம் கொடுத்துக் காப்பை விட்டுவிடுவான். விளங்காத மொழியில் விற்பது விற்பவனுக்கு ஊதியம். விளங்காத மொழியில் வாங்குவது வாங்குபவனுக்கு இழப்பு. மொழிப்பற்று வேறு, அன்றாட வாழ்வு வேறு என்பாரின் கூற்று இங்கே பொய்த்துப் போகின்றது.

பெருஞ்செல்வர் வாங்கும் வண்டியைப் பற்றித் தமிழியக்கம் கவலுவது ஏன் என்றும் சிலர் வினவலாம். செல்வன் கடையில் பேசும் மொழியையே ஏழை உயர்வு எனக் கருதித் தன் பிள்ளைக்குக் கற்பிக்க விரைகின்றான். மாட்டு வண்டிக்குத் தமிழ், மகிழுந்துக்கு ஆங்கிலம் என்று பிரித்துவிட்டால், தமிழ் மாட்டு வண்டியோடு மடிந்துபோகும். அதனால்தான் உயர்ந்த விலைப் பொருளின் மேலும் தமிழ் ஏறியமர வேண்டும்.

சட்டம் தடுப்பவை சில உள. வண்டியின் பதிவெண் பலகையில் ஆங்கில எழுத்தே வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் நடுவண் ஊர்திச் சட்ட விதி. அவ்விதியை மாற்ற அரசியல் வழியில் போராடுதல் வேண்டும். ஆனால், நிறத்தைத் தமிழில் சொல்லாதே என எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உறுப்புப் பட்டியலைத் தமிழில் அச்சிடாதே என எவரும் தடுக்கவில்லை. அதனினும் வெட்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அண்மைக் காலத்து மகிழுந்துகள் சிலவற்றின் திரையில் தமிழ் எழுத்து ஏற்கெனவே அமைந்துள்ளது. தமிழில் இட்ட ஏவலைக் கேட்டு இயங்குவனவும் உள. விற்பவன் அதனைச் சொல்வதில்லை. வாங்குபவன் அதனைத் தேடுவதில்லை. கிடைத்த தமிழும் ஆங்கிலத் திரையின் பின்னே உறங்கிக் கிடக்கின்றது. தடுத்த விதிக்குத் தில்லியைப் பழிக்கலாம். திறவாத திரைக்கு யாரைப் பழிப்பது?

ஆகவே, புது மகிழுந்து வாங்கச் செல்லும் தமிழர் மூன்று செய்தல் வேண்டும். விரும்பும் நிறத்தைத் தமிழில் கேட்க. விற்பவன் விழித்தால் காரி, மயிலை, செவலை எனச் சொல்லிக் கற்பிக்க. உறுப்புப் பட்டியலைத் தமிழில் விளக்கச் சொல்லி, விளங்காத ஒன்றுக்கும் பணம் கொடாதொழிக. வண்டி கைக்கு வந்த அன்றே, தமிழ் இருக்குமாயின் அதன் திரையைத் தமிழாக்குக. இல்லையாயின் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க. பத்துப்பேர் கேட்டால் விற்பவன் சிரிப்பான்; பத்தாயிரவர் கேட்டால் பட்டியலை அச்சிடுவான். வணிகன் எந்த மொழிக்கும் பகைவனல்லன். கேட்கும் மொழிக்கு அவன் அடிமை.

கொண்டவன் விரும்பும் நிறம் கருப்போ சிவப்போ வெள்ளையோ ஆகுக. அதனைச் சொல்லும் சொல் தமிழாகுக.