கை இழந்தவனுக்கு வேண்டியது தருமமா, சட்டமா?

தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் ஞாயிறு மாலைகளில் கூடும் தொழிலாளரிடையே, கையில் கட்டோடும் கக்கத்தில் தாங்குகட்டையோடும் நிற்போரைக் காணாதார் இலர். காணும் நம்மவரில் இரக்கமுள்ளவர் பத்து வெள்ளி தருவர். பக்தியுள்ளவர் தலைவிதி என்பர். இவ்விரண்டும் அத்தொழிலாளிக்கு வேண்டியவையல்ல என்பதே நமது துணிபு. அவனுக்கு வேண்டியது அவனுக்குரிய பணமும், அதைப் பெறும் வழி தெரிந்த ஒரு துணையுமேயாம்.

சட்டம் இல்லாமலில்லை. 1975-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 2008-இல் விரிவும் புதுப்பெயரும் பெற்றது. 2019-இல் மீண்டும் இயற்றப்பட்டு, 2020 செப்டம்பர் முதல் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டமாக நடந்துவருகிறது. வேலையினால் காயம் நேர்ந்தால், குற்றம் யாருடையதென்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. உள்நாட்டான், அயல்நாட்டான் என்னும் பேதமுமில்லை. மருத்துவச் செலவு, விடுப்புக்காலச் சம்பளம், நிரந்தர ஊனத்திற்கு ஈடு ஆகிய மூன்றும் உண்டு. 2025 நவம்பர் முதல் நேரும் விபத்துகளில், முழு நிரந்தர ஊனத்திற்குரிய ஈடு குறைந்தது 116,000 வெள்ளி. அதிகம் 346,000 வெள்ளி. வீட்டுப் பணிப்பெண்களை இச்சட்டம் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருப்பது தனியொரு அநீதி.

“இவ்வளவு எளிய சட்டத்திற்கு வக்கீல் எதற்கு?” என்று முதலாளிமார் கேட்பர். மனுச் செய்ய வக்கீல் வேண்டாம் என்பது உண்மையே. அதை நாமும் போற்றுகிறோம். ஆனால் மனுவுக்குப் பின் நடப்பதென்ன? ஊனம் நூற்றில் எத்தனை பங்கு என்று மருத்துவர் மதிப்பிடுகிறார். அதில் ஒரே பங்கு குறைந்தால், வயதையும் சம்பளத்தையும் பொறுத்துத் தொழிலாளி இழப்பது 1,160 வெள்ளி முதல் 3,460 வெள்ளி வரை. மிகைநேரக் கூலியும் சராசரிச் சம்பளத்தில் சேரவேண்டும். அது விடுபட்டால் ஈடும் சுருங்கும். கணக்குத் தவறென்றால் குறித்த சில நாட்களுக்குள் ஆட்சேபிக்க வேண்டும். ஒரு பக்கத்தில் இதையே தொழிலாகக் கொண்ட இன்ஷூரன்ஸ் கம்பெனி. மறுபக்கத்தில் ஆங்கிலக் கடிதத்தை அறைத்தோழனிடம் காட்டிப் பொருள் கேட்கும் தொழிலாளி. இதுவா சமமான வழக்கு?

இதனினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. இச்சட்டப்படி ஈடு பெறலாம். அல்லது முதலாளியின் கவனக்குறைவை நிரூபித்து நீதிமன்றத்தில் வழக்காடலாம். இரண்டையும் பெற இயலாது. வழக்கில் தொகை மிகலாம். தோற்றால் கையிலிருப்பதும் செலவுக்குப் போகலாம். இத்தேர்வைச் செய்யும் நேரத்தில் நேர்மையான வக்கீலின் ஒருமணிப் பேச்சு மருந்துக்குச் சமானம். அந்த இடத்தைத் தரகர் பிடித்துக்கொண்டால், புரியாத காகிதத்தில் ஒப்பமிட்டு, உறுதியான ஈட்டை விட்டு உறுதியற்ற வழக்கில் இறங்க நேரும். தரகரைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. அறியாமை உள்ளமட்டும் தரகரும் இருப்பர்.

ஏழைக்குச் சர்க்கார் வக்கீல் தரும் சட்ட உதவிப் பிரிவு 1958 முதல் இருக்கிறது. அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. இந்நகரின் மாடிகளையும் சுரங்கப் பாதைகளையும் கட்டியவன், அவற்றைக் கட்டும்போது கை ஒடிந்தால், அதன் படியேற முடியாது! வேலை அனுமதி ரத்தாகி விசேஷ அனுமதிச் சீட்டில் காத்திருப்பவன் பொதுவாக வேலை செய்யவும் கூடாது. முதலாளியே அவனுக்குச் சோறும் இடமும் தரவேண்டுமென்பது விதி. அவ்விதி எங்கும் ஒழுங்காக நடந்திருந்தால், 2008-இல் டிரான்சியண்ட் வொர்க்கர்ஸ் கவுண்ட் டூ என்னும் சங்கம் லிட்டில் இந்தியாவில் கஃப் ரோடு உணவுத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்திராது. வயிறு காயும்போது நியாயத்துக்காக எத்தனை மாதம் காத்திருப்பான்? ஊரில் கடன் கொடுத்தவன் காத்திருப்பானா?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. வேலையில் காயமுற்ற அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் சட்ட உதவிப் பிரிவு திறக்கப்படுக. மதிப்பீட்டுக் கடிதங்கள் தொழிலாளியின் தாய்மொழியிலும் வருக. உடல் இடங்கொடுத்தால், வழக்கு முடியுமட்டும் அவன் வேறு வேலை செய்ய விடப்படுக.

இந்நகரத் தமிழ் வக்கீல்களுக்கும் ஒரு சொல். பிறர் முன்னரே நடத்தும் இலவச ஆலோசனைகளில், ஞாயிறுதோறும் உங்களில் இருவர் தமிழில் பேச அமர்ந்தால் போதும். விழாவுக்கு நிதி கொடுத்துப் பெயர் பொறிப்பதினும், ஒருவனுக்குரிய ஈட்டை ஒரு வெள்ளி குறையாமல் வாங்கித் தருவது பெரிதன்றோ? பத்து வெள்ளிப் பிச்சையால் அவனது இன்றைய பசி தீரும். உரிய ஈடு கிடைத்தால் அவன் தலைநிமிர்ந்து ஊர் திரும்புவான்.