தொழில் உளவியல்: ஒரு பத்து மதிப்பெண் கேள்வி

'பணிக்கு வராமைக்கான காரணங்களையும் அதைக் குறைக்கும் வழிகளையும் விவரி.' பத்து மதிப்பெண். தொழில் மற்றும் நிறுவன உளவியல் தாள் எழுதியவர்களுக்கு இந்த மாதிரிக் கேள்வி அத்துப்படி. 'ஆப்சென்டீயிசம்' என்று இதற்கு வாய் நிறையப் பெயர் வேறு.

திருப்பூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு மாணவி இதற்கு விடை எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சின்னவளுக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. மறுநாள் சூப்பர்வைசரிடம் வாங்கும் வசவு தனி. மகள் விடைத்தாளில் எழுதுகிறாள்: பொறுப்பின்மை, ஊக்கமின்மை, நிறுவனத்தின் மீது பற்றின்மை. குறைக்கும் வழிகள்: வருகைக்கு ஊக்கத்தொகை, கண்காணிப்பு, ஆலோசனை. பத்துக்கு எட்டு நிச்சயம். எழுதியது தன் அம்மாவைப் பற்றி என்பது மட்டும் அவளுக்கு உறைக்காது. உறைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தப் பாடத்திட்டத்தின் சாமர்த்தியம்.

வேலை செய்யும் மனிதனைப் பற்றிய அறிவியல் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு பாடம், வேலை வாங்குபவரின் நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் கற்பிக்கப்படுகிறது. இதுதான் குற்றச்சாட்டு. போகிறபோக்கில் அடிக்கும் ஜல்லி என்று நினைப்பவர்கள் பாடப்புத்தகத்தையே ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

டெய்லர் கணக்கு

முதல் அலகிலேயே பிரெடரிக் டெய்லர் வந்துவிடுவார். 1899-ல் பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனியில் இரும்புக் கட்டி சுமந்த 'ஷ்மிட்' என்ற தொழிலாளியின் கதை. நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் சுமந்தவரை 47 டன் சுமக்க வைத்தார்களாம். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனதாம். 1911-ல் வந்த தன் புத்தகத்தில் டெய்லரே பெருமையாக எழுதியது இது. வகுப்பில் 'அறிவியல் மேலாண்மையின் நன்மைகள்' என்று ஐந்து பாயிண்ட் எழுதிக்கொண்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள்.

ஒரு நிமிடம் நின்று கணக்குப் போட்டால் என்ன? வேலை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி ஒன்றேமுக்கால் மடங்குகூட இல்லை. மிச்சம் எங்கே போனது? ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கேட்கும் கேள்வி இது. முதுகலை வகுப்பில் கேட்பார் இல்லை.

ஹாதார்ன் புராணம்

அடுத்தது ஹாதார்ன். சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஆலை. 1924-ல் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துச் சோதனைகள் தொடங்கின. 1927 முதல் ரிலே பொருத்தும் ஐந்து பெண்களைத் தனி அறையில் வைத்து ஆராய்ந்தார்கள். வகுப்பில் சொல்லப்படும் நீதி: அன்பாகக் கவனித்தால் போதும், உற்பத்தி தானாக ஏறும். காசு முக்கியமில்லை, மனசுதான் முக்கியம்.

கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! முதலாளிக்கு இதைவிட இனிப்பான கண்டுபிடிப்பு வேறு உண்டா?

கதையில் வெட்டிவிட்ட பகுதிகள் இவை. அந்த ஐவரில் இருவர் அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928 தொடக்கத்தில் அறையிலிருந்து வெளியேற்றப்பட்டு, வேறு இருவர் கொண்டுவரப்பட்டார்கள். அந்தச் சின்னக் குழுவின் உற்பத்திக்கு ஏற்பவே அவர்களின் சம்பளம் என்று கணக்கும் மாறியது. அதற்கு முன் பெரிய பிரிவு முழுவதன் உற்பத்தியோடு சேர்த்துப் போட்ட கணக்கு அது. நடுவே ஓய்வு நேரம் தரப்பட்டது. 1929-ல் பங்குச்சந்தை விழுந்து ஊரெல்லாம் வேலை பறிபோனது. ஆக துரத்தல், காசு, ஓய்வு, பயம். இத்தனையும் இருந்த அறையில் 'அன்பு' மட்டும் எப்படி ஜெயித்தது? 1967-ல் அலெக்ஸ் கேரி இதைத்தான் கேட்டார். 1978-ல் பிராங்க், கௌல் இருவரும் பழைய எண்களைப் புள்ளியியல்படி அலசி, கட்டுப்பாடும் பொருளாதார நெருக்கடியும் ஓய்வுமே பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்றார்கள். 2011-ல் லெவிட், லிஸ்ட் வெளிச்சச் சோதனைத் தரவுகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது, புத்தகங்கள் சொல்லும் அந்த அற்புதத்துக்கு அவற்றில் பெரிதாக ஆதாரமில்லை. இத்தனைக்குப் பிறகும் ஹாதார்ன் புராணம் வகுப்பறையில் பழைய ராகத்திலேயே போகிறது.

இன்னொரு தகவல். அதே ஆலையில் 1936-ல் தொழிலாளர்களின் மனக்குறையைக் கேட்க ஆலோசகர்களை வைத்தார்கள். கேட்கலாம், பரிவோடு தலையாட்டலாம். குறையைத் தீர்க்கும் அதிகாரம் மட்டும் கிடையாது. 1956 வரை இது நடந்தது. இன்றைய கம்பெனிகளின் 'வெல்னெஸ்' நிகழ்ச்சிகளுக்கு மூதாதை யார் என்று புரிகிறதா?

மாஸ்லோவின் பிரமிடு கதையும் இதே ரகம்தான். 1943-ல் அவர் எழுதிய கட்டுரையில் பிரமிடே இல்லை. அதை வரைந்து கம்பெனிகளிடம் கொண்டுபோனது 1960 வாக்கில் ஓர் ஆலோசகர் என்று 2019-ல் வந்த ஆய்வு காட்டியது. தேர்வில் பிரமிடு வரையாவிட்டால் இன்றும் மார்க் போகும் :)

நாற்காலி வர 105 ஆண்டுகள்

பாடமே மோசம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். பாடம் தங்கம். கற்பிக்கும் கைதான் உரசிப் பார்ப்பதில்லை.

1916-ல் பிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதி களைப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். வேலை செய்பவருக்கு நல்ல நாற்காலி வேண்டும், இடையில் ஓய்வு வேண்டும் என்பது அதில் முக்கியமான விஷயம். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் ஆராய்ந்தவர்கள், வேலை நேரத்தைக் குறைத்தால் உற்பத்தி சரிந்தே தீர வேண்டியதில்லை, சில வேலைகளில் கூடவும் செய்கிறது என்று கண்டார்கள். 1918-ல் தொழில் களைப்பு ஆய்வுக்கென்றே அங்கு ஒரு வாரியம் வந்தது.

இங்கே என்ன நடந்தது? தி.நகர் துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே புடவை விரித்துப் போட்ட பெண்களுக்கு, உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் வந்தது 2021-ல். கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. அங்கேயும் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் பெண் தொழிலாளர்கள் கழிப்பறைக்காகவும் இருக்கைக்காகவும் தொடங்கிய இயக்கம்தான் அதற்கு வழி திறந்தது. 1916-லிருந்து 2021 வரை 105 ஆண்டுகள். 'களைப்பு' என்ற அலகை மனப்பாடம் செய்து பட்டம் வாங்கியவர்கள் எத்தனை ஆயிரம் பேர், வருஷா வருஷம் தீபாவளிக்கு அதே கடைகளில் துணி எடுத்திருப்பார்கள்! எதிரே நிற்பவரின் வீங்கிய கால் பாடமாகத் தெரிந்ததா?

2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. வேலை நேரம், களைப்பு, விபத்து எல்லாம் சிலபஸில் இருக்கும் தலைப்புகள். அந்த நாட்களில் வகுப்பறைக்குள் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிய துறை இருந்தால் அதற்கு ஒரு கும்பிடு. பேசாத துறைகள் எதற்காக அந்தத் தலைப்புகளை வைத்திருக்கின்றன?

தன் வீட்டுக்கே எடுபடாத வைத்தியம்

சரி, தொழிலாளி பக்கம் வேண்டாம், கம்பெனி பக்கமே பார்க்கலாம். ஆள் தேர்வு பற்றி இந்தத் துறையிடம் உறுதியான அறிவு உண்டு. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல், மனம்போன போக்கில் பேசும் நேர்காணலைவிட மேலானது. ஷ்மிட், ஹன்டர் 1998-ல் தொகுத்ததும் அதுதான். சேக்கெட் குழு 2022-ல் பழைய கணக்குகளைத் திருத்தியபோது, இந்த வகை நேர்காணல் பட்டியலின் உச்சிக்கே போனது.

இதைக் கற்பிக்கும் துறையிலிருந்து இரண்டு மாடி இறங்கினால் பிளேஸ்மென்ட் ஹால். அங்கே நடப்பது என்ன? 'உங்களைப் பற்றிச் சொல்லுங்க.' 'அப்பா என்ன பண்றார்?' 'கல்யாணம் எப்போ?' தமிழ் மீடியத்தில் படித்தவன் இங்கிலீஷில் திக்கினால் 'தன்னம்பிக்கை குறைவு' என்று ஒரு கிறுக்கல். மேலே பாடம், கீழே அதற்கு நேரெதிர். இடையில் இருப்பது நாற்பது படிக்கட்டு. யாரும் இறங்கிப் போய் 'இப்படிச் செய்யாதீர்கள், இது தப்பு என்று எங்கள் ஆய்வே சொல்கிறது' என்று சொல்வதில்லை. கம்பெனி கோபித்துக்கொண்டால் அடுத்த வருஷம் வராதே!

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது

'நம் ஊரில் இதெல்லாம் எங்கே நடக்கும்' என்பவர்களுக்கு அகமதாபாத். 1953-ல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் காலிகோ ஆலையில் தறிக்கூடம் ஒன்றைப் பார்த்தார். தானியங்கித் தறிகள் வந்தும் உற்பத்தி உயரவில்லை. ஆளுக்கொரு துண்டு வேலை, யாருக்கும் முழுத் தறி சொந்தமில்லை. சில தறிகளைச் சேர்த்து ஒரு சிறு குழுவின் பொறுப்பில் விடலாம் என்ற யோசனை வந்ததும், யார் யாரோடு சேர்வது என்று தொழிலாளர்களே பட்டியல் போட்டுவிட்டார்கள். உற்பத்தி கூடியது, துணிச் சேதம் குறைந்தது. 1970-ல் திரும்பப் போய்ப் பார்த்த எரிக் மில்லர், ஒரு கூடத்தில் குழு முறை அப்படியே நிலைத்திருப்பதையும், தானியங்கிக் கூடத்தில் அது தேய்ந்துபோனதையும் பதிவு செய்தார். வெற்றியும் தோல்வியும் இரண்டும் இந்திய மண்ணிலேயே எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. ஹாதார்னுக்கு ஆறு பக்கம் ஒதுக்கும் நோட்ஸில் அகமதாபாத்துக்கு ஆறு வரி கிடைத்தால் அதிசயம்.

வேலையிழந்தால் மனிதன் என்ன ஆகிறான் என்று வியன்னா அருகே மரியந்தாலில் போய்ப் பார்த்தார் மரீ யஹோடா. 1933-ல் புத்தகம் வந்தது. டெட்ராய்ட் கார் தொழிலாளர்களின் மனநலத்தை 1965-ல் எழுதினார் ஆர்தர் கார்ன்ஹாசர். இந்தத் துறையினர் அதிகாரத்தின் பணியாளர்களாகிவிட்டார்கள் என்று 1960-லேயே லோரன் பாரிட்ஸ் ஒரு முழுப் புத்தகம் எழுதிவிட்டார். யஹோடாவும் கார்ன்ஹாசரும் வெளியாட்கள் இல்லை. இந்தத் துறையின் சொந்தச் சரித்திரம் இவர்கள்.

'வேலை கொடுப்பது கம்பெனிதானே?'

எதிர்வாதம் ஒன்று தயாராக வரும். படித்து முடித்தால் எச்.ஆர். வேலைதான், சம்பளம் தருவது கம்பெனிதான், அவர்களுக்குத் தேவையானதைப் படித்தால் போதாதா?

டாக்டருக்குச் சம்பளம் தருவது ஆஸ்பத்திரி முதலாளி. அதற்காக மருத்துவக் கல்லூரியில் பில் போடுவதையா கற்றுத்தருகிறார்கள்? நோயாளியைத்தானே முதலில் காட்டுகிறார்கள்? வேலை செய்பவரைப் பார்க்காமலே தொழில் உளவியலில் பட்டம் வாங்க முடிகிறது என்றால் கோளாறு எங்கே? தவிர, ஆட்கள் ஏன் நிற்காமல் ஓடுகிறார்கள் என்று புரியாத எச்.ஆர். அதிகாரியால் கம்பெனிக்குத்தான் என்ன லாபம்?

செய்ய வேண்டியது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. சிறப்பு விருந்தினராக வருஷத்துக்கு ஒருமுறையாவது ஒரு தொழிற்சங்கக்காரரை அழைக்கலாம். இன்டஸ்ட்ரியல் விசிட் போனால் கான்ஃபரன்ஸ் ரூமில் பவர்பாயின்டும் சமோசாவும் முடித்துத் திரும்பாமல், ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டி வருபவர்களோடு டீக்கடையில் அரைமணி பேசலாம். தங்கள் கல்லூரியின் பிளேஸ்மென்ட் நேர்காணலையே ப்ராஜெக்டாக எடுத்து அலசலாம்.

குறைந்தபட்சம் அந்தப் பத்து மதிப்பெண் கேள்வியைத் திருப்பிப் போடலாம். 'ஒரு தொழிலாளி வேலைக்கு வர முடியாமல் போவதற்கு அவர் வேலை செய்யும் இடம் எவ்வாறு காரணமாகிறது? விவரி.' திருப்பூர்க்காரப் பெண் இதற்கு நோட்ஸைத் தேட மாட்டாள். அன்று இரவு அம்மாவுக்கு போன் போடுவாள்.

பி.கு.: காரணங்களைப் பட்டியலிடச் சொல்லும் விடைத்தாளில் 'கம்பெனியில் தண்ணீர் குடிக்கப் போனால்கூடத் திட்டுகிறார்கள்' என்று யாராவது எழுதினால், திருத்துபவர் அதற்கு எத்தனை மார்க் போடுவார் என்பதும் ஆராய வேண்டிய தலைப்புதான்.